அம்மனுக்கு எத்தனை உயிர்

எங்கள் சித்தப்பா காதல் கல்யாணம் செய்துகொண்டதற்கு அப்பாவின் முதுகுவலிதான் காரணம் என்பதை வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அப்பா சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை முதுகு பிடித்துக்கொண்டு படுத்தவர், வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று, மாமல்லபுரத்தில் லாட்ஜ் வேலையில் இருந்த சித்தப்பாவை மாற்று டிரைவராக அனுப்பிவைத்தார். அந்த வேனில் கேளம்பாக்கத்தில் ஏறி இறங்கிய பெண்தான் எங்கள் சித்தி. முதுகு சரியாவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு மறுபடியும் அதே வேனில், அப்பா ஓட்ட, சித்தி பின்னால் உட்கார்ந்து போவது இருவருக்குமே சங்கடமாக இருந்ததால் சித்தி வேலையை விட்டுவிட்டாள்.

சித்தி கிறிஸ்தவப் பெண். அது மட்டுமில்லாமல் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. பெரியவர்கள் அவளைப் பற்றிப் பேசும்போது 'எந்தத் தெரு' என்கிற இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கு அப்போது பத்து வயது. ஒரு தெருவில் பிறப்பதில் என்ன ரகசியம் இருக்க முடியும் என்று விளங்காமல், அந்தத் தெருவில் பேய் ஏதாவது இருக்கிறதா என்று சித்தியிடமே கேட்டேன்.

"பேய் இல்ல. நாய்தான் நெறைய," என்றாள் சித்தி.

அப்பாவின் அக்காவைக் கருங்குழியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த அத்தை கல்யாணத்துக்கு வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்துபோக ஆரம்பித்தாள். வந்தாலும் சித்தியிடம் பேசமாட்டாள். சித்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால், தாகமில்லை என்று கூரையைப் பார்த்துச் சொல்வாள். வெயிலில் ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்து இறங்குகிறவளுக்குத் தாகமே எடுக்காதது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. ஆடி மாதம் எங்கள் ஊர் செல்லியம்மன் அத்தையின் மேல்தான் வருவாள். அப்படிப்பட்டவர்களுக்குச் சாதாரணத் தாகம் இருக்காது போலிருக்கிறது என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

அம்மா அந்த அளவுக்குப் போகமாட்டாள். சித்திக்கு வேலை சொல்வாள், சாப்பாடு போடுவாள், ஸ்டிக்கர் பொட்டு வாங்கித் தருவாள். வேலையையும் சாப்பாட்டையும் பொட்டையும் தாண்டி இருவருக்கும் நடுவில் பேச்சு இருக்காது.

அந்த நிலைமையில்தான் பெட்டி வந்தது.

சீசன் முடிந்த பங்குனி மாதத்தில், சித்தப்பா லாட்ஜிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். வருஷா வருஷம் வந்து தங்கிச் சிற்பம் செதுக்கப் பழகுகிற வயதான வெள்ளைக்காரர் ஒருவர், இந்தத் தடவை தான் செதுக்கிய யானையைக் கையோடு ஊருக்குக் கொண்டுபோக முடிவு செய்திருந்தார். விமானத்தில் எடை இடிக்கும் என்று பெட்டியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டாராம். அந்த யானையைப் பார்த்திருந்த சித்தப்பா, அவர் பெட்டியைக் கொண்டுபோய் யானையை விட்டுப்போயிருக்கலாம் என்றார்.

பெட்டிக்குள் முனை மழுங்கிய பழைய புத்தகங்கள் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் கறுப்புக் கோட்டில் வரைந்த படங்கள். ஒரு புத்தகத்தைப் புரட்டியதும் யானைமேல் இந்திரன் உட்கார்ந்திருக்கவே, இது பக்திப் புத்தகம் என்று சித்தப்பா முடிவு செய்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி அறையில் வைத்தாள். மறுநாள் அப்பா அடுத்தடுத்த பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார். அதில் வேறு தேசத்துத் தேவி ஒருத்தி போதுமான துணி இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். புத்தகம் உடனே சாமி அறையிலிருந்து கூடத்துக்கு வந்தது.

கூடத்தில் அதைச் சித்தி எடுத்தாள். வீட்டில் அந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டாமல் படிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஒரு மத்தியானம் முழுக்கப் படித்துவிட்டு, "இது ஒரு ஆட்டம்," என்றாள்.

அப்படி ஓர் ஆட்டத்தை நானும் தம்பியும் கேள்விப்பட்டதில்லை. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அந்தக் கதைக்குள் போய், அந்த இடத்தில் என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா இல்லையா என்பதைக் கட்டை உருட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியின் அடியில் விதவிதமான கட்டைகள் கிடந்தன. முக்கியமானது, இருபது முகம் கொண்ட சிவப்புக் கட்டை. பார்க்கக் கற்கண்டு மாதிரியே இருந்ததால் அதற்குக் கற்கண்டு என்று பெயர் வைத்தோம். தம்பி வாயில் போட்டுப் பார்த்து, இல்லை என்று உறுதி செய்தான். அதன் எண்கள் வெறும் பள்ளமாக இருந்தன. என் கிரேயான் பெட்டியிலிருந்து வெள்ளையை எடுத்துத் தேய்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இருபது விழுந்தால் நினைத்தது நினைத்தபடி நடக்கும். ஒன்று விழுந்தால் நாம் வீசிய கத்தி நம் காலிலேயே விழும்.

புத்தகத்தில் கதை நடக்கும் இடமெல்லாம் பனிமலையும் கோட்டையுமாக இருந்தது. பனியை யார் பார்த்தது என்று சித்தி எல்லாவற்றையும் எங்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டாள். அரக்கன் கலங்கரை விளக்கத்தில் குடியேறினான். பக்கிங்காம் கால்வாயில் ஏழு தலைப் பாம்பு ஒன்று படகுகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குள் போன திருடர்கள், உள்ளேயே வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

லீவு நாட்களில் சித்தப்பாவும் ஆட வருவார். அவர் பெரிய வாள்வீரன். ஆனால் எந்த அரக்கன் எதிரே வந்தாலும் வாளை உருவமாட்டார். "சார், எத்தினி பேரு? ஏசி ரூமா, நான்-ஏசி ரூமா?" என்று கேட்பார். ஒருநாள் அப்படிக் கேட்டதற்குச் சித்தி கட்டையை உருட்ட, இருபது விழுந்துவிட்டது. சித்தி கொஞ்ச நேரம் கட்டையையே பார்த்தாள். பிறகு, அரக்கன் அட்வான்ஸ் கொடுத்து ரூம் எடுத்துக்கொண்டான் என்று சொன்னாள். நாங்கள் எவ்வளவு சண்டை போட்டும் மாற்றவில்லை.

அப்படித்தான் இருந்தாள் அவள். என் மந்திரவாதிக்கு ஒன்று விழுந்து, அவன் கால்வாயில் மூழ்கிச் செத்த அன்றைக்கு, இன்னொரு தடவை உருட்டுகிறேன் என்று அழுதேன்.

"வுழுந்தது வுழுந்ததுதான்டி. அழுதா கட்டை மாறிடுமா?" என்றாள். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, அந்த நேரம் பார்த்து, "அவன் அந்தப் பாம்பு வாலப் புடிச்சிக்கினு மேல வந்துருக்கலாம்," என்றாள். தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்திரன் இருந்த புத்தகம் இன்னும் சுவாரசியமானது. அதில் உலகத்துச் சாமிகள் எல்லோரும் தேசம் தேசமாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொரு சாமிக்கும் கவசம் எவ்வளவு, அடித்தால் எவ்வளவு, மொத்தம் எத்தனை உயிர் என்று போட்டிருந்தது. எங்கள் ஆட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் இவ்வளவு உயிர் என்று கழித்துக்கொண்டே வருவோம். உயிர் தீர்ந்தால் ஆள் தீர்ந்தான். சாமிகளுக்கும் அதே கணக்குதான். இந்திரனையும், சுத்தியல் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியையும் மோதவிட்டுப் பார்த்ததில் இந்திரன் தோற்றார். தம்பி சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

மறுநாள் எழுந்ததும் அவன் பிள்ளையாரைத் தேடினான். பிள்ளையார் அந்தப் புத்தகத்திலேயே இல்லை. சித்திமேல் திரும்பினான்.

"உங்க சாமி எங்க சித்தி?"

"எங்க சாமியையும் போடல."

"ஏன் போடல?"

"தெரியல. பயந்துட்டாங்களோ என்னமோ."

"பரவால்ல சித்தி. புள்ளையாரையே போடல," என்று தம்பி அவளைத் தேற்றினான்.

அவன் அடுத்துக் கேட்டது, எங்கள் செல்லியம்மனை நாமே அதில் சேர்த்தால் என்ன என்பது. சித்தி அதுவரை தயங்கி நான் பார்த்ததில்லை. பாம்புக்கு எத்தனை உயிர், அரக்கனுக்கு எத்தனை உயிர் என்று நினைத்த மாத்திரத்தில் சொல்கிறவள், அம்மனுக்கு எத்தனை என்று கேட்டதும் புத்தகத்தை மூடி வைத்தாள். "அத நான் சொல்லக் கூடாதுடா. தெரிஞ்சவங்களக் கேட்டுக்கினு வா," என்றாள்.

தம்பி ஊரெல்லாம் கேட்டான். அப்பா, கணக்கே கிடையாது என்றார். ஆட்டத்தில் அப்படிப் போட முடியாது என்று தம்பி சொன்னதற்கு, அப்படியானால் ஆடாதே என்றார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சித்தப்பா நானூறு தரலாம் என்றார். கோயில் பூசாரி பகலில் பஞ்சர் கடை வைத்திருந்தார். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே நெடுநேரம் யோசித்துவிட்டு, "கருங்குழி அம்மனுக்கு எத்தினி போட்டீங்க?" என்று கேட்டார். இன்னும் போடவில்லை என்றான் தம்பி. "அதுக்கு மேல ஒண்ணு போட்டுக்க," என்றார்.

கடைசியில் அவன் கேட்டது அத்தையிடம். ஆடித் திருவிழாவுக்காக வந்து, அப்போதுதான் பையைக் கீழே வைத்திருந்தாள்.

"யார்ரா இதக் கேக்கச் சொன்னது?"

"சித்திதான், தெரிஞ்சவங்களக் கேட்டுக்கினு வரச் சொல்லிச்சி."

அத்தை பையை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பா வேனை நிறுத்திவிட்டு வரும்வரை அப்படியே நின்றாள். வந்ததும், "ஆத்தாளுக்கு மார்க் போடறாளாமே உன் தம்பி பொண்டாட்டி? எத்தினி மார்க் எடுத்தா பாஸுன்னு கேட்டுச் சொல்லு. அவ கூழு ஊத்துற எடத்துக்கு வர்றதா இருந்தா நான் இப்பவே பஸ் ஏறிடுறேன்," என்றாள்.

அப்பா பெட்டியைக் கட்டிப் பரண்மேல் போட்டார். அன்று சாயங்காலம் அப்பாவும் சித்தப்பாவும் வேனுக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். கேளம்பாக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது, ஆடி முடியட்டும் என்று அப்பா சொல்வதும், சித்தப்பா சரி சரி என்பதும் கேட்டது. சித்தி கொடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்துவந்து மடித்தாள். எங்கள் யூனிஃபார்மையும் சேர்த்து, வழக்கம்போல மடித்தாள். அவள் போய்விட்டால் கலங்கரை விளக்கத்து அரக்கனை என்ன செய்வது என்று தம்பி என்னிடம் ரகசியமாகக் கேட்டான்.

கூழ் வார்க்கிற அன்று உச்சிவெயிலில் கோயில் வாசல் நிறையக் கூட்டம். அம்மா தலையில் கூழ்ப்பானையோடு போனாள். சித்தி உள்ளே வரவில்லை. தண்ணீர் லாரி நிற்கிற இடத்தில், அதன் நிழலில், ஒரு குடத்தோடு ஒதுங்கி நின்றாள். உடுக்கையும் பம்பையும் உச்சத்துக்குப் போனதும் அத்தைக்கு அருள் வந்தது. முடி அவிழ்ந்து, கண் பெரிதாகி, அவள் ஆடத் தொடங்கினால் எங்களுக்கு அவள் அத்தை இல்லை. ஜனங்கள் ஒவ்வொருவராக முன்னால் போய்க் குறி கேட்டார்கள். போர் போட்டால் தண்ணீர் வருமா, மகளுக்கு மாப்பிள்ளை எந்தத் திக்கிலிருந்து வருவான். அம்மன் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த வரிசையில் தம்பி நின்றதை நான் கவனிக்கவில்லை.

"ஆத்தா, உனுக்கு எத்தினி உயிரு? யாருக்குமே தெர்லயாம்," என்று கேட்டான்.

பம்பை அடிப்பவர் கை நின்றுவிட்டது. அப்பா முன்னால் பாய்ந்தார். அம்மன் கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"எவ கேக்கச் சொன்னா? அவள இட்டுனு வா."

கூட்டம் விலகி வழிவிட்டது. குடத்தைக் கீழே வைக்க மறந்து, அதை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சித்தி வந்து நின்றாள். சித்தப்பாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எனுக்கு மார்க் போட்டியாமே நீ?"

"இல்லம்மா," என்றாள் சித்தி. "எல்லாருக்கும் போட்டேன். உனுக்குப் போட எனுக்குக் கை வரல. அதான் வுட்டுட்டேன்."

"மத்தவங்களுக்கு எப்டிப் போட்ட?"

அதற்குத் தம்பி பதில் சொன்னான். டிராயர் பையிலிருந்து கற்கண்டை எடுத்து நீட்டினான். பெட்டி பரணுக்குப் போவதற்கு முன்பே அதைத் தனியாக எடுத்து ஒளித்துவைத்திருந்திருக்கிறான். "இத உருட்டணும் ஆத்தா. இருபது வுழுந்தா நீதான் பெரிய ஆளு," என்றான்.

அம்மன் அதை வாங்கினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு குலுக்கி, சாணம் மெழுகிய தரையில் வீசினாள். கட்டை உருண்டு, சிதறிக் கிடந்த வேப்பிலைகளுக்கு நடுவே, சித்தியின் காலடியில் போய் நின்றது. சித்தி குடத்தோடு குனிந்தாள். அம்மனும் குனிந்தாள். சித்தியின் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்த நானும் குனிந்தேன். கிரேயான் பாதி உதிர்ந்துபோயிருந்தது. ஆனாலும் தெரிந்தது. ஒன்று.

"இன்னாமா வந்துது?" என்று பூசாரி கேட்டார்.

சித்தி நிமிர்ந்தாள். "இருபது," என்றாள். "இதுக்கு மேல நம்பரே கெடையாதுங்க."

பெண்கள் குலவையிட்டார்கள். பம்பை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்திலும் பூசாரி விடவில்லை. "கருங்குழிக்கு எவ்ளோ?" என்று கேட்டார். அவர்கள் இன்னும் உருட்டவில்லை என்று சித்தி சொன்னாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மன் இரண்டு கையையும் குவித்துச் சித்தியின் முன்னால் நீட்டினாள். சித்திக்கு முதலில் புரியவில்லை. பிறகு இடுப்பிலிருந்த குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். அம்மன் குடித்தாள். ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தாள்.

அருள் இறங்கியதும், வழக்கம்போல, நடந்தது எதுவும் நினைவில்லை என்று அத்தை சொன்னாள். அன்று சாயங்காலம் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "காப்பி போடறவங்க யாராவது கீறாங்களா இந்த வூட்ல?" என்று கேட்டாள். அம்மா எழுந்திருக்கவில்லை. சித்தி போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை கம்மி என்றாள் அத்தை. அவள் சித்தியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். கேளம்பாக்கத்து வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பெட்டியை அப்பாவே பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார்.

எனக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. என் மந்திரவாதிக்கு ஒன்று விழுந்தபோது, அழுதால் கட்டை மாறுமா என்று கேட்டவள், அம்மனுக்கு மட்டும் மாற்றிச் சொல்லலாமா? அம்மனுக்கு ஒரு நியாயம், என் மந்திரவாதிக்கு ஒரு நியாயமா? முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவளிடம் போய் நேராகவே கேட்டேன்.

"நீ சரியாப் பாக்கல. கிரேயான் உதுந்துபோயிருந்துது," என்றாள் சித்தி.

"நான் பாத்தேன்."

"அப்டின்னா நீ பாத்தத நீயே வெச்சிக்க," என்றாள். ரொம்ப நாள் அவளோடு ஆட்டத்துக்குப் போகாமல் இருந்தேன். ஒரு சாமி தோற்றுவிட்டதை எனக்கும் சித்திக்கும் மட்டுமே தெரிந்த பெரிய ரகசியமாகச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

அன்றைக்குப் பார்த்த இன்னொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை யாரிடமும் கேட்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. சித்தி இருபது என்று சொன்னதும், அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று பூசாரி வேப்பிலைப் பக்கம் குனியப் போனார். அவர் குனிவதற்குள் அம்மன் ஓர் அடி முன்னால் வந்து, மஞ்சள் பூசிய பாதத்தைச் சரியாகக் கட்டையின் மேல் வைத்தாள். பம்பை அத்தனை வேகமாக அடித்தும் ஆடவில்லை. காலை நகர்த்தாமல், நின்ற இடத்திலேயே நின்று அவ்வளவு தண்ணீரையும் குடித்தாள். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பஸ் நம்பர் பார்த்துத் தனியாக ஏறி வருகிறவள்.

சாமி ஆடிக் களைத்துப்போய் நிற்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.